மெஷினில் பழுது இல்லை

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: நரம்பு டாக்டரம்மா, அவருக்குப் பக்கத்தில் பேனாவைக் கிளிக் கிளிக்கென்று அமுக்கிக்கொண்டிருந்த சின்ன டாக்டர், கதவோரம் ஒரு நர்ஸ், என் அக்கா ரோசி, அக்கா புருஷன் தேவராஜ் மாமா, சக்கர நாற்காலியில் நான், என் மடியில் துணிப்பைக்குள் என் மெஷின். இருந்தவர்கள் என்று நான் சொல்வது பேசினவர்களையும் இருமினவர்களையும் மட்டும்தான். எனக்குக் கண் தெரியாது. சத்தமே போடாமல் இன்னொருவர் சுவரோரம் நின்றிருந்தால் அவர் என் கணக்கில் வரமாட்டார். அப்படி ஒருவர் நின்றிருப்பாரோ என்று இப்போதும் சில சமயம் யோசிக்கிறேன்.

டாக்டரம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, தான் அதை மேலே தள்ளுகிறாரா கீழே தள்ளுகிறாரா என்று கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் மேலே என்றே சொல்லிவைத்தேன். பிறகு குண்டூசி மாதிரி ஏதோ வைத்துக் குத்தினாராம். குத்தினதாக அக்கா உறிஞ்சிய மூச்சிலிருந்துதான் தெரிந்தது.

"எப்போலேர்ந்து இப்படி மரத்துப்போச்சு?"

"மெஷின் கெட்டுப்போனதுலேர்ந்து மேடம்."

பேனாச் சத்தம் நின்றது.

"எந்த மெஷின்?"

மடியில் இருந்த பையைத் தொட்டுக் காட்டினேன். நான் தொட்டது பையை இல்லை, மாமாவின் முழங்கையை என்று அக்கா பிறகு சொன்னாள்.

என்ன நடந்தது என்பதை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் புரியும். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. பார்வையற்றோர் பள்ளியின் விடுதியில் படுத்தால், நான் இல்லாத நேரத்தில் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்று பயம். தினம் அழுதேன். அழைத்துவந்துவிட்டார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை, ஆள்தான் வளர்ந்துவிட்டேன். கேஸை மூடினேனா, ரயில் பாதை மாறி வருமோ, அக்காவுக்குச் சர்க்கரை ஏறியிருக்குமோ என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆனால் பள்ளியில் பிரெய்லி கற்றுக்கொண்டேன். இடது ஆள்காட்டி விரல் நுனியில் படிப்பேன். அந்த விரல்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மருந்துப் பெட்டி அடிக்கும் ஒரு கம்பெனி. வெளிநாட்டுக்குப் போகும் அட்டைப்பெட்டிகளில் மருந்தின் பெயரைப் பிரெய்லியிலும் புடைக்க அடிக்க வேண்டும். அடித்தது சரியாகப் படிக்கிறதா என்று தடவிப் பார்ப்பது என் வேலை. அதே விரல்தான் சாயங்காலம் என் மெஷினையும் படிக்கும்.

மெஷின் என்றால் இரண்டு பென்சில் டப்பாவை ஒட்டிவைத்த அளவில் ஒரு பெட்டி. முன்பக்கம் ஒரு வரிசை பொடி ஓட்டைகள். போனோடு சேர்த்துவிட்டால், போனில் வரும் எழுத்துக்கேற்ப அந்த ஓட்டைகளிலிருந்து ஊசிமுனை மாதிரி புள்ளிகள் மேலே எழும். ஒரு வரி படித்து முடித்துப் பொத்தானை அமுக்கினால் எல்லாம் இறங்கி, அடுத்த வரி எழும். மணலைத் தூவுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வரும். மேலே இருக்கும் கட்டைகளை அமுக்கி நாமும் பிரெய்லியில் எழுதலாம். ரிட்டையரான ஒரு பேங்க் ஊழியரிடமிருந்து பழையதாக வாங்கினேன். நெமிலிச்சேரியில் நான் தனியாக இருக்கும் அறையில் விலை உள்ள பொருள் அது ஒன்றுதான்.

அதில் நான் முக்கியமாகப் படிப்பது கிரேஸ் எழுதுவதை. கிரேஸ் அதே பார்வையற்றோர் பள்ளியில் என்னோடு எட்டாவது வரை படித்தவள். நான் விட்டேன், அவள் விடாமல் படித்து இப்போது திருநெல்வேலிப் பக்கம் டீச்சராக இருக்கிறாள். அவளுக்குக் கல்யாணமாகிக் காலேஜ் போகும் மகள் இருக்கிறாள். அதனால் யாரும் வேறு மாதிரி நினைக்க வேண்டாம். தினமும் சாயங்காலம் ஒரு சேதி அனுப்புவாள். பஸ்ஸில் ஒருவர் இவளைக் கையைப் பிடித்து வேண்டாத ஸ்டாப்பில் இறக்கிவிட்டது, குழம்பில் உப்பு கூடிப்போனது, பிள்ளைகள் போட்ட சண்டை. நான் பதில் எழுதுவேன். ஒரு நாளில் வேலை சம்பந்தமில்லாமல் என்னோடு பேசுவது அந்தச் சேதி ஒன்றுதான்.

போன்தான் பேசுகிறதே, காதில் கேட்டுக்கொண்டால் ஆகாதா என்று மாமா பலமுறை கேட்டிருக்கிறார். போனில் ஒரு பெண்குரல் எல்லாவற்றையும் படிக்கும், உண்மைதான். பேங்க் மெசேஜையும் சிலிண்டர் மெசேஜையும் எந்தக் குரல் படிக்கிறதோ அதே குரல்தான் கிரேஸ் எழுதியதையும் படிக்கும். விரலில் படிக்கும்போது நடுவில் யாரும் இல்லை. அவள் எழுதியது நேராக எனக்கு வருகிறது. இதைக் கண் உள்ளவர்களுக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு வரும் கடிதத்தையெல்லாம் போஸ்ட்மேனே உரக்கப் படித்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு சாயங்காலம் கிரேஸின் சேதியைப் படிக்கும்போது எழுத்துக்கு மேல் மெல்லிய துணி விரித்த மாதிரி இருந்தது. புள்ளிகள் மழுங்கிவிட்டன என்று நினைத்தேன். பழைய மெஷின்தானே. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். ஈரம் கோத்திருக்கும் என்று அரிசி டப்பாவில் புதைத்துவைத்தேன். எண்கள்தான் முதலில் குழம்பின. பிரெய்லியில் ஏழு என்பது நான்கு புள்ளிகள் சேர்ந்த ஒரு சின்னச் சதுரம். அந்தச் சதுரத்தில் எந்த மூலைப் புள்ளி இல்லையோ அதை வைத்து அது நாலா, ஆறா, எட்டா, சைபரா என்று தெரியும். எனக்கு மூலை தெரியவில்லை. சிலிண்டர் விலை முழுக்க ஏழாக வந்தது.

அதே வாரம் கம்பெனியிலும் பெட்டிகள் மழுங்கலாக வர ஆரம்பித்தன. அப்படித்தான் சூப்பர்வைசர் வேணு சாரிடம் சொன்னேன். அவர் அச்சு செய்கிறவரைக் கூப்பிட்டுப் புது அச்சு போட வைத்தார். அதுவும் மழுங்கல்தான் என்றேன். வேணு சார் புள்ளியின் உயரத்தை அளக்கும் கேஜைக் கொண்டுவந்தார்.

"சூசை, கேஜ் சரின்னு காட்டுதேப்பா."

"கேஜுக்குப் படிக்கத் தெரியாது சார்" என்றேன்.

வீட்டில் மெஷின் மழுங்கிவிட்டது, கம்பெனியில் அட்டை மழுங்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது என் விரல் ஒன்றுதான். ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிறவன், அதற்கு மட்டும் கவலைப்படவில்லை. கண் உள்ளவர் பார்வை மங்கினால் விளக்கைத் துடைத்துப் பார்த்துவிட்டு அப்புறமாவது கண்ணைச் சந்தேகப்படுவார். நான் விரலைச் சந்தேகப்பட்டதே இல்லை. அது அப்படிப்பட்ட விரல்.

மெஷினைக் கூரியரில் சர்வீஸுக்கு அனுப்பினேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு பையன் போன் செய்தான். நல்ல மரியாதையான பையன்.

"சார், மெஷின்ல ஒண்ணுமே இல்ல சார். எங்க டெஸ்டர் முழுக்கப் படிச்சுப் பார்த்துட்டாரு."

"யாரு அவரு? கண்ணு தெரிஞ்சவரா?"

"இல்ல சார், அவரும் பிரெய்லிதான் படிப்பாரு."

"அப்போ அவரு விரல்ல இன்னாவோ கோளாறு கீது. டாக்டராண்ட காட்ட சொல்லு."

பையன் சிரிக்கவில்லை. "சரி சார். செக் பண்ணதுக்கு சார்ஜ் இருக்கு, மெசேஜ் அனுப்புறோம்" என்றான்.

"ரிப்பேரே பண்ணல, இன்னாத்துக்கு சார்ஜு" என்று வைத்துவிட்டேன்.

மெஷின் கம்பெனி முகவரிக்குத் திரும்பி வந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாயங்கால ரயிலில் வந்து நெமிலிச்சேரியில் இறங்கினேன். இரண்டு நாளாகவே கால் பஞ்சில் நடப்பது மாதிரி இருந்தது. தூக்கமில்லாததால் என்று வைத்துக்கொண்டேன். பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"அண்ணாத்தே, செருப்பு இங்கயே கீது. வெறுங்கால்ல எங்க போற?"

இரண்டு செருப்பும் எங்கேயோ கழன்றுவிட்டிருக்கின்றன. எனக்குத் தெரியவில்லை. திரும்பினேன், முழங்கால் மடங்கியது. விழும்போது மெஷினை மேலே தூக்கிப் பிடித்ததால் தாடைதான் அடிபட்டது. எழுந்திருக்கப் பார்த்தேன். காலிடம் சொன்னேன், அது கேட்கவில்லை.

தேவராஜ் மாமா ஆவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் வந்து என்னை அள்ளிப் போட்டுக்கொண்டு முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே நன்றாகத்தான் பார்த்தார்கள். நரம்புக் கோளாறு மாதிரி இருக்கிறது, இதற்கு ஊசி ஏற்ற வேண்டும் என்று விலையைச் சொன்னார்கள். மாமா என் காதில், "மச்சான், அந்த ஊசிக்குப் புது ஆட்டோவே எடுத்துரலாம்டா" என்றார். ஒரு ராத்திரி இருந்ததற்கான பில்லுக்கே அவர் ஆட்டோக்காரர்களோடு போட்டிருந்த சீட்டை அவசரமாகத் தள்ளி எடுத்தார். மறுநாள் காலையில் பெரியாஸ்பத்திரிக்கு வந்தோம். அங்கே வரிசையில் காத்திருந்து உள்ளே போனதுதான் நான் முதலில் சொன்ன அந்த அறை.

டாக்டரம்மா மெஷின் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி வயித்துப்போக்கு, காய்ச்சல் ஏதாவது வந்துச்சா?"

அக்கா முந்திக்கொண்டாள். "வானகரத்துல ஒரு கல்யாணம் மேடம். துன்னுட்டு வந்து மூணு நாளு படுத்துகினான்."

"நானுந்தான் துன்னேன், எனக்கு ஒண்ணும் ஆவலியே" என்றார் மாமா.

"நீ கல்ல துன்னாலும் ஒண்ணும் ஆவாது. பேசாம நில்லு."

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். வயிற்றுப்போக்குக் கிருமியை அடிக்க உடம்பு ஒரு படையைத் தயார் செய்கிறது. கிருமி போன பிறகும் அந்தப் படை கலையாமல், ஆள் அடையாளம் தவறி நம் நரம்புகளையே அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. கரண்ட் ஒயர் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிற மாதிரி நரம்புக்கும் உறை உண்டு. அது உரிந்துபோனால் சேதி போகாது. விரல் தொட்டதை மூளைக்குச் சொல்லாது. மூளை சொன்னதைக் கால் கேட்காது. கில்லன் பாரே என்று பெயர். சுருக்கமாக ஜி.பி.எஸ்.

"அது ஆட்டோல வழி காட்டுறதாச்சே மேடம்" என்றார் மாமா. நர்ஸ் சிரித்துவிட்டார். அன்றைக்கு அந்த அறையில் கேட்ட ஒரே சிரிப்பு அது.

"சரியாகிடுமா மேடம்?" என்று கேட்டேன்.

"பெரும்பாலானவங்க நடந்துடுவாங்க. மெதுவாத்தான் ஆகும்."

"நடக்கறது இருக்கட்டும் மேடம். விரலு?"

"நுனிதான் கடைசியா வரும். சில பேருக்கு முழுசா வராமலும் போகலாம். இப்பவே சொல்ல முடியாது" என்றார். பொய் சொல்லாததற்கு அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை. அன்றைக்குக் கோபமாக இருந்தது.

அன்று மத்தியானம் நரம்பு வேகம் பார்த்தார்கள். கையிலும் காலிலும் பட்டை ஒட்டி, சுண்டிவிடுகிற மாதிரி மின்சாரம் வைப்பார்கள். ஒரு முனையில் தட்டினால் மறுமுனைக்கு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருகிறது என்று கணக்கு. எனக்குத் தாமதமாகப் போனது, சில இடத்தில் போகவே இல்லை. அடுத்து முதுகில் நீர் எடுத்தார்கள். இறால் மாதிரி சுருண்டு படுக்கச் சொல்லி, முதுகெலும்புக்கு நடுவில் ஊசி போட்டு, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள தண்ணீரில் கொஞ்சம் எடுப்பது. பேரைக் கேட்டால்தான் பயம். அசையாமல் இரு என்று சொல்லும்போதுதான் எல்லா இடத்திலும் அரிக்கும், அதுதான் கஷ்டம்.

காப்பீட்டு அட்டையில் ஊசி கிடைத்தது. நாலைந்து நாள் பாட்டிலில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்து அது என்று நர்ஸ் சொன்னார். அவ்வளவு பேர் எனக்குள் வந்தும் அந்த வார்டில் நான் இருந்த மாதிரி தனியாக எங்கேயும் இருந்ததில்லை.

ஏன் என்று சொல்கிறேன். கண் இல்லாதவனுக்குக் கையும் இல்லை என்றால் உலகம் சத்தம் மட்டும்தான். கட்டில் எங்கே முடிகிறது என்று தெரியாது. போர்வை மேலே இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று தெரியாது. டம்ளரைப் பிடித்திருக்கிறேன் என்று நினைப்பேன், அது கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்கும். ஒருமுறை சூடான டீ கையில் கொட்டி, பக்கத்துக் கட்டில்காரர் கத்தின பிறகுதான் கையை இழுத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிடித்திருக்கிறாள் என்று அவளே சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

"புட்ச்சினு கீறேன்டா" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் புட்ச்சினுதான் கீறேன்" என்பாள்.

அவள் வீட்டுக்குப் போன பிறகு, இன்னும் பிடித்திருக்கிறாள் என்று நானாக நினைத்துக்கொள்வேன். சொல்லாவிட்டால் வித்தியாசம் தெரியாது என்பதில் அது ஒன்றுதான் வசதி.

பக்கத்துக் கட்டில் கபீர் பாய். பூந்தமல்லியில் செருப்புக்கடை. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை. இந்த நோய் மூச்சு விடும் தசை வரைக்கும் ஏறலாம் என்பதால், ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். எவ்வளவு தூரம் எண்ணுகிறோமோ அவ்வளவு மூச்சு இருக்கிறது என்று அர்த்தம். குறைந்தால் மெஷின் வைத்து மூச்சு கொடுக்கும் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த அறைக்குக் கடைசிக் கட்டில் ஆளைத் தள்ளிக்கொண்டு போன சக்கரச் சத்தத்தை நான் கேட்டிருந்தேன். அதனால் டாக்டர் வராத நேரத்திலும் எண்ணிக்கொண்டே கிடப்பேன்.

"தம்பி, நீ எண்ணி எண்ணியே மூச்ச தீத்துடுவ போலக்கீதே" என்பார் பாய். "கடைல ஸ்டாக்கு எடுக்கறப்பகூட நான் இவ்ளோ எண்ணுனதில்ல."

கிரேஸின் சேதிகள் வந்துகொண்டே இருந்தன. போன் அதிரும் சத்தத்தில் தெரியும். சாயங்காலம் அந்த நேரத்துக்கு மேசை மேல் ஒருமுறை உறுமும். முதல் தடவை அக்கா பொத்தானைத் தட்டிவிட்டாள். அந்தப் பெண்குரல் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "கிரேஸ் அனுப்பிய செய்தி" என்று ஆரம்பித்தது. நிறுத்து நிறுத்து என்று கத்தினேன். இயர்போன் மாட்டிவிடட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. வீம்பு என்று நினைத்தாள். வீம்பாகவே இருக்கலாம். விரலில் படிக்க வேண்டியதைக் காதில் கேட்டுவிட்டால், இனிமேல் விரல் வராது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பயம். பதில் சொல்லவும் வழியில்லை. கட்டை அமுக்க விரல் இல்லை. வாயால் சொல்லலாம் என்றால் சுற்றிலும் காதுகள்.

நான் பதில் எழுதாமல் இருப்பதற்கு அவள் என்ன நினைப்பாள் என்று யோசிப்பேன். மெஷினைச் சர்வீஸுக்கு அனுப்பப்போகிறேன் என்றுதான் கடைசியாக எழுதியிருந்தேன். இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அது வரும்வரை படிக்க ஏதாவது சேர்ந்திருக்கட்டும் என்று எழுதிக்கொண்டிருப்பாள். அவள் அப்படிப்பட்டவள்தான்.

ஒரு மத்தியானம் எனக்கு ஒரு யோசனை வந்தது. விரல்தான் மரத்திருக்கிறது, உதடு மரக்கவில்லை. கஞ்சியின் சூடு உதட்டில் நன்றாகத் தெரிந்தது. பள்ளியில் நாங்கள் விளையாட்டுக்கு உதட்டால் படித்துப் பார்த்ததுண்டு. அக்காவிடம் மெஷினைப் போனோடு சேர்த்து முகத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். தலையைக் குனிந்து கீழ் உதட்டை வரிசையின் மேல் வைத்து மெதுவாக இழுத்தேன்.

புள்ளிகள் இருந்தன. கூர்மையாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக. முதல் வார்த்தை என் பெயர். சூசை.

அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. மெஷினில் ஒன்றுமே இல்லை. அந்தப் பையன் சொன்னது உண்மை. டெஸ்டர் விரல் உண்மை, கேஜ் உண்மை. மழுங்கியது நான்தான்.

"இன்னா தம்பி, பொட்டிக்கு முத்தா குடுக்கற?" என்றார் கபீர் பாய்.

வார்டே சிரித்தது. அவர் கேலியாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் முகத்தை எடுத்துவிட்டேன். அடுத்த வார்த்தையைப் படிக்கவில்லை. என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அக்கா அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து பாயின் குரல் கேட்டது, எனக்கில்லை, மற்றவர்களுக்கு.

"அவன் லெட்டர் படிக்கிறான்யா. அடுத்தவன் லெட்டர் படிக்கிறத எட்டிப் பாப்பியா நீ? அந்தாண்ட திரும்பிக்க."

திரும்பிக்கொண்டார்களா என்று தெரியாது. அமைதியாக இருந்தது. ஆனால் நர்ஸ் வந்து, ஆஸ்பத்திரியில் கண்டதையும் வாயில் வைத்தால் கிருமி தொற்றும், உங்கள் உடம்பு இருக்கிற நிலைக்கு ஆகாது என்று திட்டினார். அக்கா பயந்து மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். எனக்கும் பயம்தான், மறுக்கவில்லை.

கால் முதலில் வந்தது. டாக்டரம்மா சொன்ன மாதிரியே மேலிருந்து கீழே, தொடை, முழங்கால் என்று வந்தது. பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாமா ஆஸ்பத்திரிக்கு வெளியே ஆட்டோவிலேயே தூங்கின நாட்களில் அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது, அது மட்டும் இன்னும் சரியாகவில்லை. கிளம்பும்போது கபீர் பாய் தன் மகனிடம் சொல்லி ஒரு ஜோடி செருப்பு வரவழைத்திருந்தார். பின்பக்கம் பட்டை வைத்தது.

"கால் சொல்லாட்டியும் இது கயலாது. போட்டுக்க" என்றார். அவர் எப்போது வீட்டுக்குப் போவார் என்று நான் கேட்கவில்லை.

நெமிலிச்சேரி அறைக்குத் தனியாகப் போக முடியாது என்பதால் கோவில்பதாகையில் அக்கா வீட்டில் இருக்கிறேன். பயிற்சி சொல்லிக்கொடுத்தவர், விதவிதமான பொருளைத் தொடச் சொல்லியிருந்தார். அக்கா தட்டில் கேழ்வரகையும் கடுகையும் கலந்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். நான் பிரிப்பேன். ஆரம்பத்தில் தட்டில் ஏதாவது இருக்கிறதா என்பதே தெரியாது. பிறகு எறும்பு ஊறுகிற மாதிரி விரல் நுனியில் ஆரம்பித்தது. அது நல்லதுதான் என்றார்கள். எனக்கு மறுபடி வருகிறதோ என்று பயம். ராத்திரி யாருக்கும் கேட்காமல் ஒரே மூச்சில் எண்ணிப் பார்த்துக்கொள்வேன்.

வேணு சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பழத்தோடு பத்துப் பதினைந்து மருந்துப் பெட்டிகளும் கொண்டுவந்தார்.

"சும்மா பாரு சூசை. அவசரமில்ல."

அவசரமில்லை என்று சொல்கிறவர் ஏன் பெட்டியைக் கொண்டுவருகிறார் என்று நினைத்தேன். தடவினேன். புள்ளி இருப்பது தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. எதையாவது சொல்லிவைக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மருந்துப் பெட்டி அது. எங்கேயோ என்னை மாதிரி ஒருவர் அதை நம்பி மாத்திரை எடுப்பார்.

"இப்ப முடியாது சார்."

"இப்போதைக்கு ஒருத்தர போட்டுக்கீறோம். டெம்பரரிதான்" என்றார். பெட்டிகளை இங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனார். அவர் போன பிறகு அக்கா அவற்றைப் பீரோவுக்குள் வைக்கப் போனாள். வேண்டாம், கைக்கு எட்டுகிற இடத்தில் வை என்றேன்.

அதற்குப் பிறகு தினமும் கேழ்வரகு, பிறகு பெட்டி. நாட்கள் போயின. கிரேஸின் சேதிகள் குறைந்து வாரத்துக்கு ஒன்று என்று ஆனது. பிறகு ஒரு வாரம் வரவில்லை. போன் உறுமாத அந்தச் சாயங்காலம், பெட்டியில் ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம் எனக்குத் தட்டுப்பட்டது. புள்ளி தட்டுப்படுவது பெரிதில்லை. வெற்றிடம் தட்டுப்பட்டால்தான் படிக்க முடியும்.

மெஷினை எடுத்து வரச் சொன்னேன். அக்கா ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மேசையில் வைத்தாள். போனோடு சேர்ந்ததும் மணல் தூவும் சத்தம் கேட்டது. எத்தனை மாதமாயிற்று அந்தச் சத்தம் கேட்டு.

கிரேஸ் எழுதியதைத் திறக்கத் துணிவு வரவில்லை. தப்பாகப் படித்துவிட்டால், அவள் எழுதாத ஒன்றை எழுதினதாக நினைத்துக்கொண்டால் என்ன ஆவது. முதலில் யாருக்கும் நஷ்டமில்லாத ஒன்றைப் படித்துப் பார்க்கலாம் என்று பழைய மெசேஜ்களில் கை வைத்த இடத்தில் திறந்தேன். விரலை வரிசையின் தொடக்கத்தில் வைத்து, இழுக்காமல், ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினேன். வியர்வை விட்டது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

தங்கள் மெஷினில் பழுது இல்லை.

நான் சிரித்திருக்க வேண்டும். அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள்.

"இன்னாடா, தனியா சிரிச்சினு கீற?"

"சர்வீஸ்காரன் மெசேஜுக்கா. செக் பண்ணதுக்குப் பாக்கி கீதாம்."

"அதுக்கு இன்னா சிரிப்பு? எவ்ளோவாம்?"

பொத்தானை அமுக்கினேன். புள்ளிகள் இறங்கி அடுத்த வரி எழுந்தது. போனின் குரலை நான் முன்னாடியே நிறுத்திவைத்திருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து நின்று காத்திருந்தாள். அவள் மூச்சு கேட்டது. எண் வருகிறது என்று காட்டும் குறி இருந்தது. அடுத்து ஒற்றைப் புள்ளி. அடுத்து ஒரு சதுரம். ஒவ்வொரு மூலையாகப் போனேன்; நான்கும் இருந்தன. அடுத்தும் சதுரம், நான்கும் இருந்தன. அதற்கடுத்ததும் முதலில் சதுரமாகத்தான் இருந்தது. விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். மேலே இடது பக்க மூலையில் ஒன்றும் இல்லை. இன்னொருமுறை பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"ஆயிரத்தி எழுநூத்தி எழுபது ரூபா" என்றேன்.